நிமிடத்துக்கு ஒரு டிராக்டர்

ஐப்பசி பிறப்பதற்கு முந்தின நாள்
உடைந்த சைக்கிள் சக்கரத்திலிருந்து
ஒரு ஆரக்கம்பியைக் கழற்றி
மேட்டுக்கொல்லை நடுவில் அடித்து வைத்தேன்.
மண் தொடும் இடத்தில்
மகளின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு.

கண்டனூருக்கு மேற்கே இந்தச் சரிவில்
மழை பெய்வதில்லை, விழும்.
நாற்பது நிமிடம் விழுந்துவிட்டு
மூன்று வாரம் முகம் காட்டாது.

விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.
கோடு அந்தரத்தில் நின்றது.
அதற்குக் கீழே ஒரு விரற்கடைக் கம்பி
கழுவிவிட்ட மாதிரி.

ஒரு விரற்கடைதானே என்றாள் மகள்.
ஒன்றரை ஏக்கருக்கும் அதை விரித்து
அவள் கணக்கு நோட்டிலேயே பெருக்கச் சொன்னேன்.
நாற்பது டிராக்டர் வந்தது.
நாற்பது நிமிடத்தில் நாற்பது.
பர்மிட் இல்லை, ஹாரன் இல்லை,
டயர்த்தடம்கூட இல்லை.

மிச்சம் விட்டுப்போனது சரளை.
பூத்த கடலைச் செடிகள்
விழுது இறக்க மண் தேடித்
தேடி
நுனி கருகித் தொங்கின.

ஓடைத்தடம் பிடித்துக் கீழே இறங்கினேன்.
திருடுபோன மாட்டைத் தேடுகிறவள் நடை.
அருளப்பன் வயலில் கிடந்தது என் மண்,
விசிறி விரித்த மாதிரி, ஈரமாய், நயமாய்.
"எம் மண்ண எடுத்துக் குடு" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை.
மண்வெட்டியால் அந்த விசிறியை ஒரு கொத்துக் கொத்தி
உள்ளே கையை விட்டு
ஒரு நாற்றை இழுத்துக் காட்டினார்.
வெளுத்து, மூச்சுமுட்டி,
நட்டு ஒன்பது நாள் ஆனது.
"இது மாதிரி பதினாலு வரிசை. நான் யாருகிட்டக் கேக்க?"

பத்து வருஷத்துக்கு முன்னால்
இங்கே வரப்புப் போட்டுக் கொடுத்தார்கள்.
நூல் பிடித்த மாதிரி நேராக,
சர்வே எண் போகிற வழியே.
தண்ணீர் பட்டா படித்ததில்லை.
பள்ளம் கண்ட இடத்தில் கூடி
ஒரே உடைப்பாய் உடைத்துக்கொண்டு போனது.

கொத்தனார் சேவுகனிடம்
டியூப் லெவல் கேட்டு வாங்கினேன்.
இருபது முழம் குழாய், உள்ளே தண்ணீர்.
ஒரு முனை அருளப்பன் கையில்,
ஒரு முனை என் கையில்.
அவர் ஏறினால் என் பக்கம் பொங்கியது.
நான் ஏறினால் அவர் சட்டை நனைந்தது.
இரண்டு பக்கமும் ஆடி அடங்கி
ஒரே மட்டத்தில் நின்ற இடங்களில்
முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனோம்.
கோடு என் கொல்லையில் வளைந்தது,
பெரியாண்டி கொல்லையில் இன்னும் வளைந்தது,
அவனிடம் கேட்க ஒரு வாரம்,
அவன் தம்பியிடம் கேட்க ஒரு வாரம்.

"குடிச்சுட்டுப் போட்ட வரப்பா இது?"
தட்டுச் சுமந்துவந்த பஞ்சவர்ணம் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே மிதித்து இறுக்கினாள்.
மேல்கரையில் சாண் இடைவெளியில் வெட்டிவேர்.
தண்ணீர் வழிய விட்ட வாயில்
செம்புறாங்கல் அடுக்கினோம்.
தைலமரக் காட்டு வேலியோடு கோடு நின்றுவிட்டது.
அந்தப் பக்கம் யாரிடம் கேட்பது என்று
இன்னும் தெரியவில்லை.

அடுத்த மழை கார்த்திகையில், ராத்திரியில்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வளைவு நெடுக நின்றது தண்ணீர்,
டீ நிறத்தில்,
எங்கே போவதென்று தெரியாத ஆள் மாதிரி.
தைலமரப் பக்கம் மட்டும்
ஒரு பாம்புத்தடம் அளவுக்கு அறுத்திருந்தது.

விடிந்ததும் கம்பியைப் பார்த்தேன்.
கால் விரற்கடை.
சைபர் இல்லை.
மகள் நோட்டை எடுத்தாள். பத்து டிராக்டர்.
பத்தும் என் மண்தான் என்று
கல்லெடுக்கக் குனிந்தபோது
கீழேயிருந்து அருளப்பன் கத்தினார்:
"இந்தத் தடவ ஒண்ணும் வரலையே!"

சந்தோஷமா, குறையா
என்று குரலில் பிடிபடவில்லை.